கொரங்காட்டுக்கு ஏற்ற புல்வெட்டி எது?

வாசகர் கேள்வி – பதில்: பண்ணைக் கருவிகள்

கேள்வி: எங்களுக்கு எட்டு ஏக்கர் கொரங்காடு, அதாவது கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் காடு, இருக்கிறது. அப்பா இருந்தவரை காங்கேயம் மாடுகளும் மேச்சேரிச் செம்மறிகளும் அதில் மேய்ந்தன. அவர் காலமான பின் ஆறு ஆண்டுகளாகப் படல் சாத்தியபடியே கிடக்கிறது. மேற்கு மூலையில் ஒன்றரை ஏக்கர் அளவுக்கு வேலிகாத்தான் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் ஆவாரையும் கொளுஞ்சியும் எருக்கும். அவற்றுக்கு இடையில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து நிற்கிறது. எங்களிடம் 42 எச்.பி. டிராக்டர் உள்ளது. ஸ்லாஷர் வாங்கச் சொல்கிறார் ஒருவர். மல்ச்சர்தான் சரி என்கிறார் இன்னொருவர். ரோட்டவேட்டர் விட்டால் ஒரே நாளில் சுத்தமாகிவிடும் என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். எதைச் செய்வது? (தாராபுரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில் ரோட்டவேட்டரை ஒதுக்கிவிடுவோம். உங்கள் காட்டில் காப்பாற்ற வேண்டிய சொத்து கொழுக்கட்டைப் புல்லின் தூர்தான். அது பல ஆண்டுகள் வாழும் புல். மழை பொய்த்த ஆண்டிலும் தூருக்குள் மொட்டுகளைக் காத்து வைத்திருந்து, ஒரு நல்ல மழை கிடைத்ததும் துளிர்த்துவிடும். ரோட்டவேட்டரின் கத்திகள் நாலைந்து அங்குல ஆழத்துக்கு மண்ணைப் புரட்டி அந்தத் தூரைத் துண்டு துண்டாக்குவதோடு, அடியில் புதைந்து கிடக்கும் களை விதைகளை மேலே கொண்டுவந்து, அவற்றுக்கு வெளிச்சமும் ஈரமும் கிடைக்கும்படி செய்துவிடும். ஒரே நாளில் சுத்தமாகும் என்பது மெய்தான். ஆனால் அடுத்த மழைக்கு அந்த வெற்று நிலத்தில் முதலில் தலைகாட்டுவது பார்த்தீனியம் என்னும் களையாக இருக்கும். தூரை இழந்த காட்டில் மறுபடி புல் அடர வேண்டுமென்றால், விதை சேகரித்துத் தூவி, அது முளைப்பதற்கு மழையும் வாய்த்து, வேர் பிடிக்கும்வரை மாடு விடாமல் காத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தும் புல் உயிரோடு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை நாமே கொன்றுவிடக் கூடாது.

அடுத்து, எட்டு ஏக்கரையும் ஒரே காடாக எண்ணாதீர்கள். வேலிகாத்தான் அடர்ந்த அந்த ஒன்றரை ஏக்கர் எந்தப் புல்வெட்டிக்கும் உரிய இடமன்று. சீமைக் கருவேல் என்னும் அந்த மரத்துக்கு மறுதுளிர் விடும் மொட்டுகள் தரைமட்டத்தை ஒட்டி, மண்ணுக்குச் சற்றுக் கீழே உள்ள தூர்ப்பகுதியில் இருக்கின்றன. மேலே ஒரு தண்டை வெட்டினால் கீழிருந்து ஐந்தாறு தண்டுகள் கிளம்பும். ஸ்லாஷர் அதை அடித்து ஒடித்தால் மிஞ்சுவது சாய்வாகக் கூர்மையடைந்த கட்டைகள். அவை டிராக்டர் டயரைக் குத்திக் கிழிக்கும். கட்டை தப்பினாலும், தரையில் சிதறிக் கிடக்கும் முள் முன்சக்கரத்தைத் தப்பவிடாது. பின்னால் பூட்டும் எந்தப் புல்வெட்டியானாலும், வெட்டுவதற்கு முன் டிராக்டர்தான் முதலில் அந்த முள்ளின் மேல் ஏற வேண்டியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஆகவே அந்த மூலைக்குப் பொக்லைனை வரவழைத்து, தூரை வேரோடு ஓரடி ஆழத்துக்காவது பெயர்த்து எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும்போது செய்தால் தூர் முழுதாக வரும். செலவாகும் நேரமும் குறையும். குழிகளை மூடி, அங்கு மட்டும் கொழுக்கட்டை விதையைத் தூவுங்கள். மரத்தில் காய் பழுத்திருந்தால் அதை மாடும் ஆடும் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விதை வயிற்றில் செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து, போன இடமெல்லாம் முளைக்கும்.

மீதமுள்ள ஆறரை ஏக்கருக்குத்தான் ஸ்லாஷரா, மல்ச்சரா என்ற கேள்வி பொருந்தும். இரண்டும் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டிலிருந்து (எஞ்சின் சக்தியைப் பின்னால் பூட்டிய கருவிக்குக் கொடுக்கும் சுழல்தண்டு) சக்தி எடுப்பவை என்றாலும் வெட்டும் முறையில் வேறுபட்டவை.

ஸ்லாஷரில் ஒரு கனமான தட்டு நிமிடத்துக்குச் சுமார் 1000 முறை தரைக்கு இணையாகச் சுற்றும். அதன் இரு முனைகளிலும் தடித்த கத்திகள் ஆடக்கூடிய கீலில் தொங்கும். அது அரிவாளைப்போல அறுப்பதில்லை. வேகத்தாலும் எடையாலும் அடித்துத் துண்டிக்கிறது. ஐந்தடி அகலக் கருவியின் கத்திமுனை அந்த வேகத்தில் மணிக்குச் சுமார் 280 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதனால்தான் ஆவாரையின் முற்றிய தண்டையும் எருக்கையும் தடையின்றி வெட்டுகிறது. அதே காரணத்தால் கல்லில் பட்டால் அதைத் துப்பாக்கிக் குண்டைப்போல வீசவும் செய்கிறது. கத்தி கீலில் தொங்குவதால், கல்லோ கட்டையோ தடுத்தால் மடங்கி விலகிக்கொள்ளும். அதற்கு மேலும் சுமை ஏறினால், கியர் பாக்ஸ் உடையாமல் இருக்க ஷியர் போல்ட் அறுந்துவிடும் அல்லது ஸ்லிப் கிளட்ச் வழுக்கிக்கொடுக்கும். அமைப்பு எளியது, ஊர்ப் பட்டறையிலேயே பழுது பார்த்துக்கொள்ளலாம்.

மல்ச்சர் என்றும் ஃப்ளெயில் மோவர் என்றும் சொல்லப்படுவதில் ஓர் உருளை கிடையாகப் படுத்தபடி, வண்டிச் சக்கரம்போல உருண்டு சுற்றுகிறது. அதன் உடல் முழுவதும் சிறு கத்திகள் வரிசையாகத் தொங்கும். புல்லுக்கும் மெல்லிய தண்டுக்கும் உரியவை கவைபோன்ற வடிவுடைய கத்திகள். கட்டைத் தண்டுகளுக்கு உரியவை சுத்தியல் வடிவக் கத்திகள். வாங்கும்போது எது பொருத்தப்பட்டிருக்கிறது என்று கேட்காமல் வந்துவிடாதீர்கள். உருளையை மூடிய கூட்டுக்குள்ளேயே தண்டு பலமுறை வெட்டுப்படுவதால், வெளியே வருவது தூளாகி, நிலத்தின் மேல் சமமாகப் பரவுகிறது. பின்னால் உள்ள உருளை வெட்டும் உயரத்தை மேடு பள்ளத்துக்கேற்பச் சீராக வைத்திருக்கிறது. கல் தெறிப்பது இதில் மிகக் குறைவு. ஆனால் ஒரே அகலத்துக்கு ஸ்லாஷரைவிட அதிக எச்.பி. தேவைப்படுகிறது, விலையும் கூடுதல். பெல்ட், பேரிங், பல கத்திகள் என்று தேய்மானப் பொருள்களும் மிகுதி. ஒரு கத்தி கழன்று விழுந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் உருளை சமன் குலைந்து அதிர்ந்து, பேரிங்கைக் கெடுத்துவிடும். ஆகவே ஒன்று போனால் அதன் எதிர்ப்பக்கத்துக் கத்தியையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் சரளையும் வெங்கச்சாங்கல் என்னும் வெள்ளைக் கல்லும் நிறைந்திருக்கும். மல்ச்சரின் கத்திகள் அந்தக் கல்லில் ஓயாமல் அடிபட்டு விளிம்பு சிதைந்து, ஒரு பருவத்துக்குள் மழுங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்லாஷருக்கும் அடி விழும். ஆனால் அதன் கத்திகள் இரண்டுதான், தடித்தவை, சாணை பிடித்து மீண்டும் மாட்டலாம். உங்கள் 42 எச்.பி. டிராக்டரில் பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 36 எச்.பி. ஐந்தடி ஸ்லாஷருக்கு அது தாராளம். ஐந்தடி மல்ச்சரைப் புல்லில் மட்டும் ஓட்டினால் சமாளிக்கும். முற்றிய ஆவாரைப் புதருக்குள் இறக்கினால் எஞ்சின் திணறும். எனவே உங்கள் காட்டுக்கு, முன்னும் பின்னும் சங்கிலித் தடுப்புத் தொங்கும் ஐந்தடி ஸ்லாஷரே பொருத்தம் என்பது என் முடிவு.

ஆனால் இப்போதே வாங்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் அகலத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெட்டிக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்தில் 4500 சதுர மீட்டர். திருப்பங்களுக்கும், வெட்டிய தடத்தின் மேலேயே சற்று ஏறிப் போவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 3600 சதுர மீட்டர், அதாவது ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் ஆறரை ஏக்கருக்கு ஏழெட்டு மணி நேரம் போதும். ஆண்டுக்கு இருமுறை வெட்டினாலும் கருவிக்கு இரண்டு நாள் வேலைதான். மற்ற நாளெல்லாம் அது கொட்டகையில் துருவேறிக் கிடக்கும். முதல் ஆண்டை வாடகைக் கருவியில் கழியுங்கள். உங்கள் காட்டில் எந்த மூலையில் கல், எங்கே பள்ளம், எந்தக் களை எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு பக்கத்துக் காட்டுக்காரர்கள் இருவரோடு சேர்ந்து வாங்கினால் சுமை குறையும். ரோட்டவேட்டர் சொன்ன அண்டைவீட்டாரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம், அவர் காடும் தப்பிக்கும்.

வெட்டும் உயரம் 15 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். புல்லின் தூர் அந்த உயரத்துக்குள் பத்திரமாக இருக்கும். களையும் புதரும் புல்லின் மேல்தாளும் மட்டுமே தலையை இழக்கும். தரையைச் சுரண்டி வெட்டினால் பார்ப்பதற்கு அழகாக இருக்கலாம், ஆனால் தூர் வெயிலில் வெந்துபோகும், கல்லும் தெறிக்கும். ஸ்லாஷரின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கும்படி மேல் இணைப்புத் தண்டைத் திருகி வைத்தால், ஒரு முறை வெட்டியதையே கத்தி மறுபடி மறுபடி வெட்டிச் சக்தியை வீணாக்காது. புதர் அடர்ந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் கியரைத்தான் குறைக்க வேண்டும், ஆக்சிலேட்டரை அல்ல, பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றுக்குக் கீழே போனால் கத்தி வெட்டாமல் பிய்த்து எறியும். கொழுக்கட்டைப் புல்லின் பஞ்சு போன்ற கதிர்கள் ரேடியேட்டரின் சல்லடையில் அடைத்துக்கொள்ளும் என்பதால், மணிக்கு ஒருமுறையாவது நிறுத்தி அதைத் துடைத்துவிடுங்கள்.

எப்போது வெட்டுவது என்பதில் பலரும் தவறுகிறார்கள். தை முதல் சித்திரை வரை காய்ந்து நிற்கும் புல், அறுக்காமலே மாட்டுக்கு நிற்கும் தீவனப் போர்; அதை வெட்டி வீழ்த்தக் கூடாது. அதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. வெங்கச்சாங்கல்லில் எஃகுக் கத்தி மோதினால் பொறி பறக்கும். பங்குனி வெயிலில் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் எட்டு ஏக்கரும் கிளுவை வேலியும் சேர்ந்து போகும். மாடும் ஆடும் மேய்ந்து முடித்த பின், புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் மிஞ்சிய முற்றல் தாளை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்; மழை விழுந்ததும் இளந்துளிர் எழும்பும். மறுமுறை, மழை கிடைத்துப் புதர்கள் முழுதாக இலைவிட்டுப் பூக்கத் தொடங்கும் தறுவாயில், கார்த்திகையில் வெட்டுங்கள். சேமித்த சத்தையெல்லாம் இலைக்கும் பூவுக்கும் செலவழித்த நேரத்தில் தலை போனால், புதர் திரும்ப எழுவதற்குத் திணறும். இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் செய்தால்தான் ஆவாரை அடங்கும். முற்றிலும் ஒழிக்கத் தேவையில்லை. ஓரத்தில் சிலவற்றை விட்டுவைப்பதில் கேடில்லை. முதல் வெட்டுக்கு முன் பதினைந்து இருபது வெள்ளாடுகளை ஒரு வாரம் உள்ளே விட்டால் இலையெல்லாம் குறைந்து, எங்கே என்ன மறைந்திருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

கருவியை உள்ளே விடும் முன், தடியோடும் முழங்கால்வரை மூடிய காலணியோடும் காடு முழுவதையும் குறுக்கும் நெடுக்கும் நடந்து பாருங்கள். இதை ஒரு சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகள் கைவிடப்பட்ட காட்டில் சுவரிடிந்த பழங்கிணறு புல்லுக்குள் மறைந்திருக்கலாம். வயது முதிர்ந்த யாரையாவது கூட்டிச் சென்று, எங்கே கிணறு வெட்டினார்கள், எங்கே ஆழ்துளைக் குழாய் போட்டார்கள் என்று கேட்டுக் கொடி நடுங்கள். அறுந்து கிடக்கும் முள்கம்பி ஸ்லாஷரின் தண்டில் சுற்றிக்கொண்டால் எடுப்பதற்கு அரைநாள் போகும்; துண்டாகித் தெறித்தால் ஆளைக் கொல்லும். காடை, கௌதாரி தரையிலேயே முட்டையிடும் பறவைகள். கூடு கண்ட இடத்தில் ஒரு குச்சி நட்டு, அதைச் சுற்றி நான்கடி விட்டுவிடுங்கள். வெட்டுவதையும் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாகக் கொண்டுபோனால் குஞ்சுகளும் முயல்களும் வேலிப்பக்கம் தப்பிக்க வழி இருக்கும். தானாக முளைத்த வெள்வேல் கன்றுகள் இருந்தால் அவற்றுக்கும் குச்சி நட்டு வெள்ளைத் துணி கட்டுங்கள். கோடையில் செம்மறிக்கு நெற்றும், எல்லாக் கால்நடைக்கும் நிழலும் தருவது அந்த மரம். அது இல்லாமல் கொரங்காடு கொரங்காடாகாது. கிளுவை வேலியை ஒட்டி ஒரு கருவி அகலத்தைக் கையரிவாளுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான்கு ஏக்கர் தென்னந்தோப்பும் அதை ஒட்டி மூன்று ஏக்கர் மேய்ச்சல் நிலமும் வைத்திருக்கிறேன். நிலத்தின் ஒரு பக்கம் ஊர்ச்சாலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில்தான் நடந்து போகிறார்கள். 50 எச்.பி. டிராக்டர் உண்டு. எனக்கும் ஸ்லாஷர்தானா? (உடுமலைப்பேட்டைப் பகுதி வாசகர்)

பதில்: இல்லை, உங்களுக்கு மல்ச்சர். மேலே சொன்ன காரணங்கள் அத்தனையும் உங்கள் நிலத்தில் தலைகீழாகின்றன. சாலையில் பிள்ளைகள் நடமாடும் இடத்தில், கல்லை நூறு மீட்டருக்கும் வீசக்கூடிய ஒரு கருவியை ஓட்ட நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். சங்கிலித் தடுப்பு தெறிப்பைக் குறைக்குமே தவிர முற்றிலும் நிறுத்தாது. மல்ச்சர் ஓட்டும்போதும் பள்ளி நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் தென்னை. விழுந்த மட்டைகளை வரிசைக்கு நடுவில் போட்டு, சுத்தியல் கத்தி பூட்டிய கனமான மல்ச்சரை மெதுவாக ஓட்டினால், எரிப்பதற்கோ வேலியோரம் குவிப்பதற்கோ போகும் மட்டை அங்கேயே தூளாகி மூடாக்காகிறது. ஈரம் காக்கப்படும், களையும் அடங்கும். ஆகவே உங்கள் கருவிக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும், கூடுதல் விலைக்கும் நியாயம் கிடைக்கும். ஆனால் விற்பனையாளரிடம், மெல்லிய புல்லுக்கான இலேசான ஃப்ளெயில் மோவரா, மட்டையைத் தூளாக்கும் கனரக மல்ச்சரா என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். உருளையின் விட்டமும் கத்தியின் எடையும் கூட்டுத் தகட்டின் தடிப்பும் வேறு. முடிந்தால் உங்கள் தோப்பிலேயே பச்சை மட்டையும் காய்ந்த மட்டையும் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சொட்டுநீர்க் குழாய்களை முன்கூட்டியே சுருட்டி வைக்காவிட்டால் அவையும் தூளாகிவிடும்.

கேள்வி: பழைய 35 எச்.பி. டிராக்டரில் இரவல் ஸ்லாஷரைப் பூட்டி ஓட்டினேன். வேலியருகே வந்ததும் கிளட்சை மிதித்தேன். வண்டி நிற்காமல் நகர்ந்துபோய்க் கல்தூணில் முட்டிவிட்டது. டிராக்டரில் கோளாறா, கருவியில் கோளாறா? (வெள்ளகோவில் பகுதி வாசகர்)

பதில்: இரண்டிலும் கோளாறு இல்லை, இரண்டையும் இணைத்த விதத்தில்தான் ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது. நீங்கள் முட்டியது கல்தூணில் என்பதற்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனெனில் இதே காரணத்தால் கிணற்றுக்குள் போன வண்டிகள் உண்டு.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் ஒற்றைக் கிளட்ச்தான். சக்கரத்துக்குச் செல்லும் சக்தியும் பி.டி.ஓ.வுக்குச் செல்லும் சக்தியும் அந்த ஒரே கிளட்ச்சைக் கடந்து கியர் பாக்ஸில்தான் பிரிகின்றன. கிளட்சை மிதித்தால் எஞ்சின் விலகிக்கொள்ளும். ஆனால் ஸ்லாஷரின் கனமான தட்டு அந்தக் கணத்தில் நின்றுவிடாது. சேர்த்துவைத்த சுழற்சி வேகத்தை பி.டி.ஓ. தண்டின் வழியாகத் திருப்பி அனுப்பி, கியர் பாக்ஸைச் சுழற்றி, சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே போகும். அதாவது, அந்தச் சில நொடிகளுக்கு டிராக்டரை ஓட்டுவது ஸ்லாஷர்.

இதற்குத் தீர்வு, பி.டி.ஓ. தண்டுக்கும் கருவியின் இணைப்புத் தண்டுக்கும் நடுவில் பொருத்தும் ஓவர்ரன்னிங் கிளட்ச். சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீலைப்போல, அது சக்தியை டிராக்டரிலிருந்து கருவிக்கு மட்டும் போகவிடும், திரும்ப வரவிடாது. பொருத்தினால் நீளம் கொஞ்சம் கூடும் என்பதால் இணைப்புத் தண்டைச் சரிபார்த்துத் தேவையானால் சிறிது வெட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கருவியைத் தூக்கும்போது தண்டு முட்டி, பி.டி.ஓ. பேரிங்கை உள்ளே தள்ளிவிடும். மல்ச்சர் வாங்கினாலும் இதைக் கேளுங்கள்; சிலவற்றின் கியர் பாக்ஸுக்குள்ளேயே இந்த அமைப்பு இருக்கும். இரட்டைக் கிளட்ச் உள்ள புதிய டிராக்டர்களில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், கேட்காவிட்டாலும். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் பி.டி.ஓ. தண்டு நொடிக்கு ஒன்பது முறை சுற்றுகிறது. மேல்துண்டின் நுனியோ வேட்டியின் ஓரமோ அந்தத் தண்டில் பட்டால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. இணைப்புத் தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அதை மாற்றும்வரை கருவியைத் தொடாதீர்கள். கத்தியில் எது சிக்கினாலும் பி.டி.ஓ.வை விலக்கி, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தட்டு முழுவதும் நின்ற பிறகே இறங்குங்கள். தூக்கிய கருவிக்கு அடியில் கட்டை கொடுக்காமல் கையை நீட்டாதீர்கள். ஹைட்ராலிக்கை நம்பி யாரும் அடியில் குனியக் கூடாது.

கேள்வி: எங்கள் இரண்டு ஏக்கர் மேய்ச்சல் காட்டில் பாதிக்கு மேல் பார்த்தீனியம். என் கணவர் ஒவ்வொரு முறையும் அது பூத்த பிறகு ஸ்லாஷர் விட்டு வெட்டுகிறார். ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. வேறு கருவி மாற்ற வேண்டுமா? (காங்கேயம் பகுதியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மாற்ற வேண்டியது கருவியை அல்ல அம்மா, நாளை. பார்த்தீனியம் முளைத்த நாலைந்து வாரங்களிலேயே பூக்கத் தொடங்கிவிடும். ஒரே செடி பல ஆயிரம் விதைகளை உதிர்க்கும். பூத்து விதை பிடித்த பின் ஸ்லாஷர் விடுவது, அந்த விதைகளைக் காடு முழுவதும் தூவிவிடுவதற்குச் சமம். மல்ச்சர் விட்டால் இன்னும் சீராகத் தூவும். கருவியின் மேல் ஒட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்கும் போகும் என்பதால், வேலை முடிந்ததும் அங்கேயே கழுவிவிடுவது நல்லது.

பூப்பதற்கு முன்னால் வெட்டினாலும் முழுப் பலன் கிடைக்காது; அடித்தண்டிலிருந்து கிளைவிட்டு, கத்திக்கு எட்டாத உயரத்தில் குட்டையாக நின்று மறுபடி பூக்கும். இந்த ஒரு களைக்கு உண்மையான வழி, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்கும் முன் வேரோடு பிடுங்குவதுதான். இரண்டு ஏக்கருக்கு அது முடியாத வேலையல்ல, ஆனால் தொடர்ந்து செய்ய வேண்டும். வெறுங்கையோடு ஒருபோதும் இறங்காதீர்கள். இந்தச் செடி தோலில் கடும் ஒவ்வாமையையும் மூச்சுத் தொந்தரவையும் உண்டாக்கும். கையுறையும், முழுக்கைச் சட்டையும், முகத்தை மூடத் துணியும் வேண்டும். ஒருமுறை அரிப்பு வந்தவர்கள் அந்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுவதே சரி.

பிடுங்கிய இடத்தை வெற்றிடமாக விடாதீர்கள் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். பார்த்தீனியம் வலுவான புல்லுக்கு நடுவில் நுழையத் தெரியாத செடி. அளவுக்கு மீறி மேய்ந்து தரை தெரியும் இடத்தைத்தான் அது தேடிப் பிடிக்கும். எனவே காட்டை இரண்டு மூன்று பட்டிகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்க்கும்போது மற்றவற்றுக்கு ஓய்வு கொடுங்கள். பிடுங்கிய இடங்களில் கொழுக்கட்டை விதையைத் தூவி முள் கிளையால் மூடிவையுங்கள். புல் அடர்ந்த பிறகு ஆண்டுக்கு ஒரு முறை ஸ்லாஷர் போதும்.

கேள்வி: வெட்டிய புல்லைக் காயவைத்துப் போர் போட ஸ்லாஷர் உதவுமா? (மூலனூர் பகுதி வாசகர்)

பதில்: உதவாது. ஸ்லாஷர் புல்லைப் பிய்த்து மண்ணோடு கலந்து போடும். மல்ச்சர் தூளாக்கிவிடும், வாரி எடுக்கவே முடியாது. போர் போடுவதற்கு, அடியில் ஒரே ஒருமுறை வெட்டி, புல்லை நீளமாகச் சாய்த்துப் போடும் கருவி வேண்டும். கத்தரிபோல இருபக்கமும் ஓடும் பற்களுடைய கட்டர் பார் குறைந்த சக்தியில் இதைச் சுத்தமாகச் செய்யும், ஆனால் கல்லும் கட்டையும் உள்ள காட்டில் பல் ஒடியும். இரண்டு பெரிய உருளைகள் சுற்றும் டிரம் மோவர் இன்னும் வேகமானது. வெட்டியதை வரிசையாகவும் விட்டுச்செல்லும். புதர் ஒழிந்து, கல் பொறுக்கி, மட்டமான ஒரு பட்டியை இதற்கென்று ஒதுக்க முடிந்தால் மட்டுமே இவற்றை யோசியுங்கள். புல் கதிர்விடத் தொடங்கும்போதே அறுத்துவிட வேண்டும். விதை உதிர்ந்த பின் அறுத்தால் நார்தான் மிஞ்சும், சத்து இருக்காது. ஓர் ஏக்கருக்கு மேல் இல்லையென்றால் கைப் பிரஷ் கட்டரும் இரண்டு ஆட்களுமே போதும்.

கேள்வி: இந்தக் கருவிகளுக்கு மானியம் உண்டா? வாடகைக்கு எங்கே கேட்பது? (கரூர் மாவட்ட வாசகர்)

பதில்: வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், பட்டியலில் உள்ள கருவிகளுக்குச் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் வழங்கப்படுகிறது. நீங்கள் வாங்க நினைக்கும் மாதிரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை உங்கள் பகுதிக்கான வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே முன்பணம் கொடுங்கள். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது. வாடகைக்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம், அல்லது உங்கள் பகுதியின் வாடகை மையங்களிலும் தென்னை விவசாயிகளிடமும் விசாரிக்கலாம். புரட்டாசியில் உழவு தொடங்கிவிட்டால் டிராக்டரும் ஆளும் கிடைப்பது அரிது என்பதால், ஆவணியிலேயே நாள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கருவி வந்ததும், பூட்டும் முன், கத்தியின் போல்ட்டுகளை உங்கள் கையாலேயே ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.